2147483647: தற்செயலா, தேர்வா?

கேள்வி: கொக்குவில் வாசகர், 2025 பெப்ரவரி 1

எனது மகன் கைத்தொலைபேசியில் விளையாடும் ஒரு விளையாட்டில் காசு எண்ணிக்கை 2147483647 இல் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு சேர்த்தாலும் ஏறவில்லை. இது ஒரு முதன்மை எண் என்று எங்கோ வாசித்த ஞாபகம். கணினியை வடிவமைத்தவர்கள் முதன்மை எண் என்பதற்காகவே இதனை எல்லையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனது கருத்து. இல்லாவிட்டால் இருநூறு கோடி என்று வசதியாக வைத்திருக்கலாமே.

பெப்ரவரி 1, இரவு

முதன்மை எண் (1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது) என்பது சரி. அதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பிழை.

கணினி ஓர் எண்ணை எழுதுவதற்கு 32 துவித இடங்களை (0 அல்லது 1 மட்டுமே இருக்கக்கூடியவை) ஒதுக்கினால், அவற்றில் ஓர் இடம் நேரா மறையா என்ற குறிக்குப் போய்விடும். மிஞ்சிய 31 இடங்களிலும் 1 ஐ நிரப்பினால் கிடைப்பது 2³¹ − 1, அதாவது 2147483647. இங்கே தேர்வு என்று ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியின் அளவுதான் எண்ணைத் தீர்மானித்தது. இதே பெட்டியின் மற்ற அளவுகளையும் பார்த்தால் விடயம் தெளிவாகும். 8 இடங்களுக்கு எல்லை 127, அது முதன்மை எண். 16 இடங்களுக்கு 32767, அது 7 × 31 × 151. 64 இடங்களுக்கு 9223372036854775807, அது 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. முதன்மை எண்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்திருந்தால் இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

128 இடங்கள் வைத்தால் மீண்டும் முதன்மை எண் வருகிறது. 2¹²⁷ − 1 இற்கு 39 இலக்கங்கள். அதனை முதன்மை எண் என்று எட்வார்ட் லூக்கா 1876 இல் காட்டினார். அப்போது கணினியும் இல்லை, பெட்டியும் இல்லை.

பெப்ரவரி 2

மகனிடம் சொல்லுங்கள்: காசு ஏறாமல் நின்றது நல்ல காலம். எழுதியவர் கவனக்குறைவாக இருந்திருந்தால் அடுத்த ஒரு சதத்தோடு கணக்கு மறை 2147483648 ஆக மாறி, பிள்ளை கடன்காரனாகியிருப்பான்.

பெப்ரவரி 4

127, 32767, 2147483647 என்ற வரிசையில் நடுவிலுள்ளது மட்டும் ஏன் தவறியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இவை 2⁷ − 1, 2¹⁵ − 1, 2³¹ − 1. 2 இன் மேலே நிற்கும் சுட்டியைப் பாருங்கள்: 7, 15, 31. பதினைந்து என்பது 3 × 5. துவிதத்தில் 32767 என்பது பதினைந்து ஒன்றுகள். அவற்றை மும்மூன்றாகக் கட்டினால் 111 111 111 111 111 என்று வரும். ஒவ்வொரு கட்டும் 7. ஆகவே முழு எண்ணும் 7 ஆல் வகுபடும். ஐவைந்தாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டும் 31, ஆகவே 31 ஆலும் வகுபடும். சுட்டி பிரிந்தால் எண்ணும் பிரியும். இதற்கு மேலான நிறுவல் தேவையில்லை.

இதன் மறுதலை உண்மையல்ல என்பதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றேன். படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம், சுட்டி முதன்மை எண்ணானால் விடையும் முதன்மை எண்ணாகும் என்று கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தேன். 2, 3, 5, 7 ஆகிய சுட்டிகளுக்கு 3, 7, 31, 127 என்று சரியாகவே வந்தது. நாலு உதாரணம் போதும் என்று நினைத்துவிட்டேன். அடுத்த நாள் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, எழுந்து நின்று பேசக் கூச்சப்பட்டு, கொப்பியை மட்டும் நீட்டியது. அதில் 2¹¹ − 1 = 2047 = 23 × 89 என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு கோடுகளையும் நானே அழித்தேன்.

பெப்ரவரி 5

சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் "முதன்மை எண் என்றால் என்ன, பகா எண்ணா?" என்று கேட்கிறார். ஆம். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் முதன்மை எண், சேர்த்தி எண். அங்கே பகா எண், பகு எண். வழக்கத்தால் நான் முதன்மை எண் என்றே எழுதுவேன். ஆனாலும் "பகா" என்ற சொல் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "முதன்மை" என்றவுடன் முதலாம் பிள்ளை என்று நினைத்து, 1 ஐயும் பட்டியலில் சேர்க்காத வகுப்பை நான் இன்னும் காணவில்லை.

பெப்ரவரி 9

"இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணை, கணினி இல்லாத காலத்தில், முதன்மை எண் என்று எப்படி நிச்சயித்தார்கள்?" இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில் என் சொந்தக் கதையும் ஒன்று இருக்கிறது.

1588 இல் இத்தாலியரான கற்றால்டி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகிய இரண்டும் முதன்மை எண்கள் என்று சரியாகவே காட்டினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய சுட்டிகளுக்கும் அப்படியே வரும் என்றார். 23 ஐயும் 37 ஐயும் பேர்மா 1640 இல் தள்ளினார். 2²³ − 1 என்பது 47 × 178481. 29 ஐ ஒயிலர் 1738 இல் தள்ளினார்; அது 233 × 1103 × 2089. நான்கில் மிஞ்சியது 31 மாத்திரம். அதனை முதன்மை எண் என்று ஒயிலரே 1772 இல் பேர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் உறுதிப்படுத்தினார். அப்போது அவர் ஏறக்குறையப் பார்வை இழந்திருந்தார்.

2147483647 இன் வர்க்கமூலம் 46340 ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்ப்பது பச்சையான வழி. நாலாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்கள். ஒயிலர் இரண்டு சல்லடைகளை வைத்தார். முதலாவது: ஏதாவது ஒரு முதன்மைக் காரணி இருக்குமானால், அதனால் வகுக்கும்போது 2 இன் வலுக்களின் மீதிகள் 31 அடிகளுக்கு ஒருமுறை 1 இற்குத் திரும்ப வேண்டும், அந்தச் சுற்றின் நீளம் காரணியிலும் ஒன்று குறைந்த எண்ணை வகுக்க வேண்டும் என்பது பேர்மாவின் தேற்றத்திலிருந்து வருகிறது. காரணி ஒற்றை எண்ணுமாகையால், 62 ஆல் வகுத்தால் மீதி 1 ஆக இருக்க வேண்டும். இரண்டாவது: 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். இந்த இரண்டாவதின் காரணத்தை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். இரண்டையும் சேர்த்தால், 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 46340 வரை அப்படி 373 எண்கள் உள்ளன.

இனி என் கதை. 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு யாழ்ப்பாணத்தில் இரவு என்பது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு சிறு திரி. வெளிச்சம் கொப்பியின் அரைப்பக்கத்துக்குத்தான் எட்டும், ஆகவே நீளமான கணக்கைப் பக்கத்தின் வலது பாதியில் செய்வதில்லை. கல்குலேற்றருக்குப் பற்றரி கிடையாது. அந்த நாள்களில் ஓர் இரவு, ஒயிலரின் பட்டியலை நானே முடித்துப் பார்ப்பது என்று தொடங்கினேன். முதல் முதன்மை எண் 311. 2147 இல் 6 தடவை, மிச்சம் 281. 4 ஐ இறக்கினால் 2814, அதில் 9 தடவை, மிச்சம் 15. 8 ஐ இறக்கினால் 158, போகாது. 3 ஐ இறக்கினால் 1583, 5 தடவை, மிச்சம் 28. 6 ஐ இறக்கினால் 286, போகாது. 4 ஐ இறக்கினால் 2864, 9 தடவை, மிச்சம் 65. 7 ஐ இறக்கினால் 657, 2 தடவை, மீதி 35. ஈவு 6905092. பிறகு 1303, மீதி 226. பிறகு 1489, மீதி 199.

பட்டியலில் எட்டாவது சுற்றில் 2047 வந்தது. 248 × 8 + 63. என்னை அவமானப்படுத்திய அதே எண், இம்முறை வகுத்தியாக வந்து நின்றது. 23 × 89 என்று தெரிந்ததனால் வகுக்காமலே வெட்டினேன். அதில் ஒரு திருப்தி இருந்தது. நாற்பது வகுத்தல்களோடு அந்த முயற்சி நின்றது. காரணம் சோர்வு அல்ல, எண்ணெய்.

பெப்ரவரி 10

திருத்தம். 373 என்று எழுதியதில் 63 ஐயும் சேர்த்துவிட்டேன். 63 தானே 7 × 9. அதனால் வகுத்துப் பார்க்க யாருக்கும் தேவை வராது. ஆகவே 372. இதனைச் சுட்டிய வாசகருக்கு: ஆம், அந்த 372 இலும் பெரும்பாலானவை 249, 497, 745 போன்ற சேர்த்தி எண்கள்தான், அவற்றையும் விட்டுவிடலாம். ஒயிலரின் உழைப்பைக் கூட்டிக் காட்டுவதற்காக நான் அப்படி எழுதவில்லை. எண்ணும்போது பூச்சியத்திலிருந்து தொடங்கிய பழக்கதோஷம்.

பெப்ரவரி 14

முதல் குறிப்பில் ஒரேயடியாக மறுத்தேன். பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எல்லையாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் அந்த எல்லை முதன்மை எண்ணாக வாய்த்ததைக் கணினிக்காரர்கள் வீணாக்கவில்லை. எழுமாற்று எண்களை, அதாவது குலுக்கிப் போட்டதுபோல ஒழுங்கின்றி வரும் எண்களை, உண்டாக்குவதற்கு ஒரு பழைய முறை உண்டு: கையிலுள்ள எண்ணை 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து, மீதியை எடு, அந்த மீதியோடு திரும்பச் செய். 1969 இல் ஐபிஎம் 360 கணினிக்கு இந்தச் சோடியை எடுத்தார்கள். 1988 இல் பார்க், மில்லர் இருவரும் வேறு நல்ல முறை தெரியாதவர்களுக்குக் குறைந்தபட்சத் தரமாக இதனைப் பரிந்துரைத்தார்கள். வகுத்தி முதன்மை எண்ணாக இருப்பதனால்தான், பெருக்கியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரேயொரு தடவை தலைகாட்டிவிட்டுப் பிறகே சுற்று திரும்புகிறது. 16807 என்பது 7⁵. பெருக்கியாக 2 ஐ வைத்திருந்தால் 31 அடியில் 1 இற்கு வந்து முட்டியிருக்கும்; நேற்றுத்தான் சந்தித்தவர் இன்றும் அதே சந்தியில் நிற்பதைப் போல. ஆகவே கொக்குவில் வாசகரின் கருத்து, இடம் மாறி விழுந்த உண்மை என்று சொல்லலாம்.

பெப்ரவரி 16

2038 பற்றி: 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை 32 இடங்களில் எண்ணிவரும் பழைய கணினிகள், 2038 ஜனவரி 19, எங்கள் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடியில் அவற்றுக்கு 1901 ஆம் ஆண்டு பிறக்கும். இது முதன்மை எண் என்பதனால் நடப்பதல்ல. இத்துடன் இதை விடுவோம்.

பெப்ரவரி 19

இப்போது அறியப்பட்டவற்றில் மிகப்பெரிய முதன்மை எண்ணும் இதே குடும்பம்தான்: 2 இன் 136279841 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க வருவது. 2024 ஒக்டோபரில் லூக் டூரன்ற் என்பவர், 1996 முதல் இயங்கிவரும் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலின் மூலம் கண்டறிந்தார். இந்த வகையில் இது 52 ஆவது.

இதற்கு எத்தனை இலக்கங்கள் என்பதைச் சாதாரண தரப் பிள்ளையே மடக்கை அட்டவணை கொண்டு கணித்துவிடலாம் என்பதற்காக இதனை எழுதுகிறேன். 2 இன் மடக்கை 0.3010. அதனைச் சுட்டியால் பெருக்கினால் 41020232.1, முழுப்பகுதியோடு 1 ஐக் கூட்ட 41,020,233 இலக்கங்கள். ஆனால் அட்டவணை நாலு தசமதானத்தோடு நிற்கிறது, 0.30103 என்று எடுத்தால் 41024320.5, ஆகவே 41,024,321. முதல் விடையில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் காணாமல் போயிருக்கின்றன. நூறாயிரத்தில் மூன்று என்ற வித்தியாசத்தைக் கோடிகளால் பெருக்கினால் இதுதான் நடக்கும்.

கடைசி இரண்டு இலக்கங்களை மடக்கையும் இல்லாமலே சொல்லலாம். 2 இன் வலுக்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் 4 இலிருந்து தொடங்கி இருபது அடிக்கு ஒருமுறை திரும்பும். சுட்டியை 20 ஆல் வகுத்தால் மீதி 1. 2²¹ இன் கடைசி இரண்டு இலக்கங்கள் 52. ஒன்றைக் கழித்தால் 51. நாலு கோடி இலக்கங்களில் எதையும் எழுதாமல் வாலைப் பிடித்துவிட்டோம்.

பெப்ரவரி 20

நேற்றைய விடையும் பிழை. சரியானது 41,024,320. ஒன்று கூடிவிட்டது.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. 0.30103 என்பதும் வட்டமிட்ட எண்; உண்மையில் 0.3010299957. அந்தச் சிறு குறைவைச் சுட்டியால் பெருக்கினால் ஏறத்தாழ 0.59. ஆகவே 41024320.5 என்பது 41024319.9 ஆக இறங்கி, முழுப்பகுதியே மாறிவிடுகிறது. அட்டவணையைப் பழித்துவிட்டு அதே குழியில் நானும் விழுந்தேன். தசமப் பகுதி 0.945 என்பதனால் எண் 88 என்று தொடங்குகிறது என்பதும் இதிலிருந்தே கிடைக்கும். பிழையாகச் செய்தபோது 34 என்று தொடங்குவதாக வந்தது.

ஒருவர் அச்சிடுவது பற்றிக் கேட்டார். பக்கத்துக்கு 1500 இலக்கங்கள் எழுதினால் 80 பக்கக் கொப்பிகள் 342 வேண்டும். விநாடிக்கு இரண்டு இலக்கங்கள் வீதம் நித்திரையின்றி வாசித்தால் 237 நாள்கள்; இருபத்தைந்து நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவை ஒன்பது தரம் கொடியேற்றி இறக்கி, பத்தாவதின் நடுவில் நிற்கலாம்.

பெப்ரவரி 23

"காரணி தெரியாமல் ஓர் எண்ணைச் சேர்த்தி எண் என்று சொல்வது, திருடனைப் பிடிக்காமல் களவு நடந்தது என்று சொல்வதல்லவா?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நல்ல உவமை. ஆனால் பூட்டு உடைந்து கிடந்தால் களவு நடந்தது நடந்ததுதான்.

மேர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644 இல் வெளியிட்ட பட்டியலில் 67 ஐ நல்ல சுட்டி என்றார். 2⁶⁷ − 1 முதன்மை எண் அல்ல என்று லூக்கா 1876 இல் காட்டினார். ஆனால் ஒரு காரணிகூட அவரிடம் இல்லை. காரணிகளை 1903 இல் கோல் என்ற அமெரிக்கர் தந்தார்: 147573952589676412927 = 193707721 × 761838257287. இடையில் இருபத்தேழு வருடங்கள்.

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இதனைக் கல்குலேற்றரில் சரிபார்க்கப் போய், 10 இன் 20 ஆம் வலுவோடு ஒரு தசம எண் வந்ததும் ஏமாந்தார்கள். கையால் ஒரு பகுதியைச் சோதிக்கலாம். 721 × 287 = 206927; கடைசி மூன்று இலக்கங்கள் 927 பொருந்துகின்றன. இலக்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகையிலிருந்து ஒன்பது ஒன்பதாக நீக்கினால் இரு காரணிகளும் 1 ஐத் தருகின்றன, பெருக்கமும் 1 ஐத் தருகிறது. ஒயிலரின் முதற் சல்லடையும் பொருந்துகிறது. 31 இற்கு 62 போல 67 இற்கு 134: 193707720 என்பது 134 × 1445580, மீதியின்றி. இவை நிறுவல் அல்ல. ஆனால் கோல் எங்காவது பிழை விட்டிருந்தால் இவற்றில் ஒன்றாவது காட்டிக்கொடுத்திருக்க நல்ல வாய்ப்புண்டு.

லூக்கா உடைந்த பூட்டைப் பார்த்த விதம், பின்னர் 1930 இல் லேமர் செப்பனிட்டுத் தந்த வடிவில், இதுதான். 4 இல் தொடங்கு. வர்க்கித்து 2 ஐக் கழி. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள். சுட்டியிலும் இரண்டு குறைவான தடவைகள் இதையே செய். கடைசியில் பூச்சியம் வந்தால் முதன்மை எண், வராவிட்டால் இல்லை. 127 இற்கு ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. ஆகவே முதன்மை எண். 2047 இற்கு ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் இல்லை. 23 உம் 89 உம் இந்த வரிசையில் எங்கும் தலைகாட்டவேயில்லை என்பதைக் கவனியுங்கள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், அந்தப் பிள்ளையிடம் கொப்பி வாங்க முன்னமே கோட்டை அழித்திருப்பேன்.

பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. கண்விழிக்க ஒரு காரணம் வேண்டுமென்று, 2147483647 இற்கு லூக்காவின் சோதனையைக் கையால் செய்யத் தொடங்கினேன். ஒயிலருக்கு 372 என்றால் இதற்கு 29 தடவை மாத்திரம். மலிவு என்று நினைத்தேன். 4, 14, 194, 37634, 1416317954 என்பது வரை வகுத்தலே தேவைப்படவில்லை. அடுத்த வர்க்கம் 2005956546822746116. பத்தொன்பது இலக்கங்கள். அதிலிருந்து 2 ஐக் கழித்து வகுக்க மீதி 669670838. இந்த ஒரு வரிக்கு மட்டும் இரண்டு கோப்பை தேநீர் போயிற்று. நாலாம் சாமப் பூசை மணி கேட்கும்போது ஒன்பதாவது வரியில் நின்றேன். அதில் ஒரு பிழை இருப்பதைக் காலையில் மகள் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னாள். எட்டு வரி சரி.

தடவைகள் குறைவு என்பதும் வேலை குறைவு என்பதும் ஒன்றல்ல. பத்து இலக்க எண்ணுக்கு ஒயிலரின் வழியே கைக்கு இதம். எண் பெருகப் பெருக லூக்கா முந்துகிறார். 39 இலக்கங்களில் ஒயிலரின் வழி நினைத்தும் பார்க்க முடியாதது.

மார்ச் 1

இராமானுஜன் எண் எனப்படும் 1729 ஐ ஏன் இன்னும் குறிப்பிடவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 1729 = 7 × 13 × 19. சேர்த்தி எண். இராமானுஜன் மீதுள்ள அன்பு எனக்கும் உண்டு.

மார்ச் 2

பார்லோ என்ற ஆங்கிலேயர் 1811 இல், 2³⁰ × (2³¹ − 1) ஆகிய 2305843008139952128 என்பதே மனிதர் காணப்போகும் மிகப்பெரிய நிறைவெண் (தன்னிலும் சிறிய தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்; இந்த வகை முதன்மை எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும்) என்றார். இவை வெறும் விநோதங்கள், பயனற்றவை, ஆகவே யாரும் இதற்கப்பால் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் காரணம். 1883 இல் ருசியப் பாதிரியார் பெர்வூஷின் 2⁶¹ − 1 முதன்மை எண் என்று காட்டினார், அது 2305843009213693951. இரண்டையும் கீழ்மேலாக எழுதிப் பாருங்கள். முதல் ஒன்பது இலக்கங்கள் ஒன்றே. பார்லோவின் எண் 2⁶¹ − 2³⁰ என்பதனால் அப்படி அமைகிறது. அவர் எழுப்பிய மதிலின் மறுபக்கத்திலேயே அடுத்தது சாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. மேர்சென்னின் பட்டியலிலும் 61 இல்லை. 61 இற்குப் பதிலாக 67 என்று கைதவறி எழுதினார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை, ஏனென்றால் 89 ஐயும் 107 ஐயும்கூட அவர் விட்டிருக்கிறார்.

மார்ச் 8

இன்று மாலை வகுப்பில் 8191 ஐ, அதாவது 2¹³ − 1 ஐ, ஒன்பது பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தேன். ஒருவர் ஒரு வரியைச் செய்து, அடுத்தவர் ஒன்பது நீக்கிச் சரிபார்த்து, பிறகே அடுத்த வரி. 4, 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470, 128, 0. பதினொன்றாம் தடவையில் பூச்சியம் வந்தது. நாலாம் தடவையில் 3953 இற்குப் பதிலாக 3935 என்று எழுதப்பட்டதை ஒன்பது நீக்கல் பிடிக்கவில்லை. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. அதனைப் பிடித்தது பக்கத்தில் இருந்த பிள்ளையின் கண்.

அதே பிள்ளைதான் முடிவில் கேட்டது: "சேர், கடைசிக்கு முதல் வரியில் 128 ஏன் வந்தது?" அது 2 இன் வலு. 31 இற்குச் செய்தபோது 4, 14, 8, 0 என்று வந்தது, அங்கேயும் 8. தற்செயல் என்று சொன்னேன். 127 இற்கு 111 தானே வந்தது, அது 2 இன் வலு இல்லையே என்றும் சொன்னேன். பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "127 இலிருந்து 111 போனால் 16" என்றது.

மார்ச் 9

இந்த இழையின் தலைப்பில் உள்ள சொல்லை நேற்று நான் வகுப்பில் பிழையாகப் பயன்படுத்தினேன். தற்செயல் இல்லை. காலையில் முற்றம் கூட்டும்போது விளங்கியது. விளக்குமாற்றை வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கடைசி வரி பூச்சியம் என்றால், அதற்கு முந்தைய வரியை வர்க்கித்தால் மீதி 2 ஆக இருக்க வேண்டும். 8191 ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் உலகத்தில் 2 இற்கு வர்க்கமூலம் எது? அங்கே 2¹³ என்பது 1 இற்குச் சமம். ஆகவே 2¹⁴ என்பது 2 இற்குச் சமம். 2¹⁴ என்பது 2⁷ இன் வர்க்கம். ஆகவே 128, இல்லாவிட்டால் அதன் மறையாகிய 8063. வகுத்தி முதன்மை எண்ணாக இருப்பதால் மூன்றாவது வர்க்கமூலம் ஒன்றுக்கு இடமில்லை. 127 இற்கு 16 அல்லது 111. 31 இற்கு 8 அல்லது 23. ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டில் ஒன்று வந்தே தீரும்.

பெப்ரவரி 9 இல் ஒயிலரின் இரண்டாம் சல்லடையின் காரணத்தை விட்டுச் சென்றேன் அல்லவா? அந்தக் காரணமும் இதுவேதான். 2147483647 இற்கு ஒரு காரணி இருந்தால், அதனால் வகுக்கும்போதும் 2³¹ என்பது 1; ஆகவே 2³² என்பது 2; ஆகவே 2¹⁶, அதாவது 65536, 2 இன் வர்க்கமூலம். 2 இற்கு வர்க்கமூலம் கிடைக்கும் ஒற்றை முதன்மை எண்கள், 8 ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தருபவை மட்டுமே. ஒயிலர் காரணிகளை வடித்தெடுத்த அதே 65536 தான், சிவராத்திரி இரவு நான் எட்டாமல் விட்ட இருபத்தெட்டாவது வரியில், தானாகவோ 2147418111 என்ற மறையாகவோ காத்திருக்க வேண்டும். ஜாம் போத்தல் விளக்கில் நாற்பது வகுத்தலும் இந்த மாதம் எட்டு வரியும் செய்த எனக்கு இரண்டும் ஒரே எண் என்பது தெரியாமல் போயிற்று. பதினேழு வயதுப் பிள்ளை 127 இலிருந்து 111 ஐக் கழித்ததால் தெரிந்தது.

மகள் கணினியில் ஓட்டிய முழு வரிசை அவளிடம் இருக்கிறது. எது வந்தது என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12

வரும் சனிக்கிழமை வகுப்பில் 131071. சுட்டி 17, ஆகவே பதினைந்து தடவைகள். கடைசிக்கு முந்தைய வரியில் 512 வருமா 130559 வருமா என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். ஐந்து பேர் 512, நாலு பேர் 130559. தோற்ற பக்கம் வடை வாங்க வேண்டும். நான் எந்தப் பக்கத்திலும் இல்லை. இடையில் யாராவது 3953 ஐ 3935 ஆக்கினால் இரண்டுமே வராது, அப்போது வடை என்னுடையது.